யானைகளின் குடும்பத்தைக் கண்டறிந்த வேட்டைக்காரர்

திருப்பூரின் பனியன் ஆலைகளைத் தாண்டித் தெற்கே போனால் உடுமலைப்பேட்டை வரும். அதற்கும் தெற்கே அமராவதி அணை. அணைக்கு அப்பால் ஆனைமலைக் காடு. பெயரிலேயே யானை இருக்கும் மலை அது!

கோடைக்காலத்தில் காட்டுக்குள் தண்ணீர் வற்றிவிடும். அப்போது யானைகள் தண்ணீர் தேடி இறங்கி வரும். சில யானைகள் இரவில் தோட்டத்துக்குள் புகுந்துவிடும். வாழையும் கரும்பும் ஒரே இரவில் பாழாகும். காலையில் விவசாயி வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவார். ஒரு வருஷத்து உழைப்பு போய்விட்டதே!

ஆனாலும் அந்த யானையை அவர் கொல்ல முடியாது. சட்டம் அதைத் தடுக்கிறது.

சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை நேர்மாறாக இருந்தது. சென்னை ராஜதானியில் யானையைக் கொன்றவர்களுக்குச் சர்க்காரே பரிசுப் பணம் கொடுத்தது. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் காட்டுக்குள் போனார்கள். ஆண், பெண், குட்டி என்ற வித்தியாசம் பார்க்காமல் சுட்டார்கள். பரிசுப் பணம் ஒரு வரவு. தந்தம் இன்னொரு வரவு.

அந்தக் காலத்தில் காட்டோரம் வாழ்ந்த ஒரு வெள்ளைக்காரர் யானைகளைக் கொல்லாமல் பயிரைக் காக்க வழி உண்டா என்று யோசித்தார். அவரும் வேட்டைக்காரர்தான். துப்பாக்கி சுடுவதில் கெட்டிக்காரர். ஆனால் சுடுவதற்கு முன்பு கவனித்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது.

அவர் பெயர் ஜார்ஜ் பி. சாண்டர்சன். யானைகளின் அரசர் என்று அக்காலத்தில் அவரை அழைத்தார்கள்.

பாதிரியாரின் மகன்

சாண்டர்சன் 1848-ம் ஆண்டில் இந்தியாவிலேயே பிறந்தவர். அவருடைய தகப்பனார் டேனியல் சாண்டர்சன் மைசூர்ச் சீமையில் பணி செய்த பாதிரியார். கன்னட மொழியை நன்றாகக் கற்றவர். கன்னட அகராதி ஒன்றைத் திருத்தி வெளியிட்டவர்.

சிறுவன் ஜார்ஜைப் படிப்பதற்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். படிப்பு முடிந்ததும் அவன் அங்கே தங்கவில்லை. 1864-ம் ஆண்டில் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டான். அப்போது வயது 16.

மைசூர் அப்போது பிரிட்டிஷ் கமிஷனர்களின் நிர்வாகத்தில் இருந்தது. அங்கே நீர்ப்பாசன வாய்க்கால்களை மேற்பார்வை செய்யும் வேலை சாண்டர்சனுக்குக் கிடைத்தது. வாய்க்கால் உடைந்தால் அடைக்க வேண்டும். மதகு பழுதானால் சரி செய்ய வேண்டும். எந்நேரமும் கிராமம் கிராமமாகச் சுற்றும் வேலை.

இந்த வேலைதான் அவருடைய வாழ்க்கையை மாற்றியது. கன்னடத்தில் அவர் சரளமாகப் பேசினார். அதனால் குடியானவர்கள் தங்கள் குறைகளை அவரிடம் நேராகவே சொன்னார்கள். சாமராஜநகர் பக்கத்தில் அவர்கள் சொன்ன பெரிய குறை ஒன்றே ஒன்றுதான். அது யானைத் தொல்லை.

மலையும் வாய்க்காலும்

சாமராஜநகருக்குக் கிழக்கே பிளிகிரிரங்கன் மலை இருக்கிறது. அதற்கும் கிழக்கே கொள்ளேகால். அந்தக் கொள்ளேகால் தாலுகா அப்போது கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. திருப்பூரும் அதே ஜில்லாதான். 1956-ல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோதுதான் கொள்ளேகால் மைசூர் மாநிலத்துக்குப் போயிற்று. ஆகவே சாண்டர்சன் பார்த்த யானைகள் கொங்குச் சீமையின் காடுகளிலும் நடமாடிய யானைகளே. யானைக்கு ஜில்லா எல்லை தெரியுமா?

மலையடிவாரத்தில் மொர்லே என்ற இடத்தில் சாண்டர்சன் ஒரு வீடு கட்டிக்கொண்டார். மலையில் வாழ்ந்த சோளகர்கள் அவருக்கு வழிகாட்டிகள் ஆனார்கள். மண்ணில் பதிந்த காலடியையும் ஒடிந்த கிளையையும் பார்த்தே யானை போன திசையைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். எத்தனை யானைகள் போயின, எவ்வளவு நேரத்துக்கு முன்பு போயின என்றும் சொல்வார்கள். காட்டைப் பற்றிய பாடத்தைச் சாண்டர்சன் அவர்களிடம்தான் கற்றார்.

நாள் கணக்கில் அவர் யானைக் கூட்டங்களின் பின்னே போனார். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துக்கொள்வார். மனித வாடை யானைக்கு எட்டாத இடத்தில் நின்று கவனிப்பார். அப்படிக் கவனித்தபோது, யானைகளைப் பற்றி வேட்டைக்காரர்கள் சொல்லிவந்த பல கதைகள் பொய் என்று அவருக்குத் தெரிந்தது.

தலைவி யார்?

பெரிய தந்தம் உள்ள ஆண் யானைதான் கூட்டத்துக்குத் தலைவன் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். சாண்டர்சன் பார்த்தது வேறு. கூட்டத்தை முன்னின்று நடத்துவது எப்போதும் ஒரு பெண் யானை. ஆபத்து வந்தால் கூட்டம் அதன் பின்னால்தான் ஓடும். கொம்பன் யானையோ கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் தன் பாட்டுக்கு ஒதுங்கிப் போய்விடும்.

தனியாகத் திரியும் யானை எல்லாமே கூட்டத்திலிருந்து துரத்தப்பட்ட போக்கிரி என்பது இன்னொரு கதை. அதுவும் சரியில்லை என்று அவர் கண்டார். தனியாகத் தெரியும் ஆண் யானைகளில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு கூட்டத்துக்குப் பக்கத்திலேயே மேய்கின்றன. விரும்பும்போது கூட்டத்தில் சேருகின்றன. விரும்பும்போது விலகிப் போகின்றன. மனிதனைக் கொல்லும் ஒற்றை யானைகள் உண்டு. ஆனால் அவை மிகக் குறைவு.

குட்டி பிறந்தால் கூட்டம் என்ன செய்யும் என்பதையும் அவர் கவனித்தார். கூட்டம் முழுவதும் அந்த இடத்திலேயே இரண்டொரு நாள் தங்கிவிடுகிறது. குட்டி நடக்கத் தெம்பு பெற்ற பிறகுதான் மற்ற யானைகளும் நகருகின்றன. பிரசவம் ஆன வீட்டில் உறவினர்கள் கூடியிருப்பதுபோலத்தான் இதுவும்!

யானையின் உயரத்தை அறிய அவர் எடுத்துச் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. முன்னங்காலின் சுற்றளவை ஒரு கயிற்றால் அளக்க வேண்டும். அதை இரண்டால் பெருக்கினால் யானையின் உயரம் வந்துவிடும். ஈர மண்ணில் பதிந்த காலடி ஒன்று போதும். யானையைப் பார்க்காமலே அதன் உயரத்தைச் சொல்லிவிடலாம்.

குழியில் விழுந்த யானை

1873-ம் ஆண்டில் சென்னை அரசாங்கம் விழித்துக்கொண்டது. காட்டு யானைகளைக் கண்டபடி கொல்வதைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. இந்தியாவில் யானைகளைக் காக்க வந்த முதல் சட்டங்களில் அது ஒன்று.

சட்டம் வந்தது நல்லதுதான். ஆனால் குடியானவனுக்கு யார் பதில் சொல்வது? யானையைச் சுடக் கூடாது என்று சொல்லிவிட்டால் பயிரைக் காப்பது எப்படி?

யானையைப் பிடிக்கும் வழக்கம் தென்னாட்டில் முன்பே இருந்தது. காட்டுப் பாதையில் ஆழமாகக் குழி வெட்டுவார்கள். மேலே மூங்கிலும் தழையும் பரப்பி மறைப்பார்கள். வரும் யானை உள்ளே விழும். ஆனைமலை முதலிய இடங்களில் இந்த முறைதான் நடந்தது.

சாண்டர்சனுக்கு இந்தக் குழி முறையைக் கண்டாலே ஆகாது. டன் கணக்கில் எடையுள்ள உடம்பு குழிக்குள் விழுந்தால் என்ன ஆகும்? எலும்பு முறியும். உள்ளே காயம்படும். பல யானைகள் செத்துப்போகும். பிழைத்த யானையும் தன் கூட்டத்தைப் பிரிந்து தனித்து நிற்கும். தாய் விழுந்தால் குட்டி வெளியே நின்று தவிக்கும்.

வங்காளத்தில் வேறு ஒரு முறை இருந்தது. அதற்குக் கெட்டா என்று பெயர். ஒரு கூட்டத்தை அப்படியே வளைத்து, பெரிய வேலிக்குள் ஓட்டி, உயிருடன் பிடிக்கும் முறை அது. அதை மைசூரில் செய்து பார்க்கலாம் என்று சாண்டர்சன் 1873-ல் அரசாங்கத்திடம் யோசனை சொன்னார்.

ஹைதரின் சாபம்

கேட்டவர்கள் சிரித்தார்கள். காரணம் உண்டு. சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஹைதர் அலி தன் படையையே கொண்டுவந்து காக்கன்கோட்டைக் காட்டில் யானைக் கூட்டத்தைப் பிடிக்க முயன்றாராம். முடியவில்லை. இனி யாராலும் இது முடியாது, முயல்பவர்களுக்கு என் சாபம் என்ற கருத்தில் கல்லில் பொறித்து நட்டுவிட்டுப் போனாராம். அந்தக் கல் தம் காலத்திலும் அங்கே நின்றது என்று சாண்டர்சன் எழுதியிருக்கிறார்.

சாண்டர்சனோ வாய்க்கால் அதிகாரி. யானை பிடித்த அனுபவம் அவருக்கு இல்லை. வயதும் 25தான். இருந்தாலும் அரசாங்கம் பணம் கொடுத்தது.

முதல் முயற்சி தோற்றது. யானைகள் தப்பிவிட்டன. சாபம் பலித்துவிட்டது என்று ஊரார் பேசிக்கொண்டார்கள்.

சாண்டர்சன் சோர்ந்துவிடவில்லை. யானைகள் எந்தப் பருவத்தில் மலையிலிருந்து இறங்கும், எந்த வழியாக வரும், எங்கே தண்ணீர் குடிக்கும் என்பதையெல்லாம் அவர் அறிந்திருந்தார். அந்த வழிகளிலேயே வேலை தொடங்கியது. அகழி வெட்டினார்கள். மரங்களை நட்டு வேலி போட்டார்கள். வாசலுக்குக் கதவு அமைத்தார்கள். 1874-ம் ஆண்டில் கூட்டம் வந்தது.

இரவும் பகலும் காவல்

நூற்றுக்கணக்கான ஆட்கள் கூட்டத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் பக்கத்துக் கிராமங்களின் குடியானவர்கள். இரவில் சுற்றிலும் தீ மூட்டினார்கள். யானைகள் ஒரு பக்கம் நகர்ந்தால் அந்தப் பக்கத்து ஆட்கள் கூச்சல் போடுவார்கள். தாரை, தப்பட்டை முழங்கும். வெற்று வேட்டு வெடிக்கும். யானைகள் திரும்பிவிடும்.

அந்த ஆட்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். முன்னே காட்டு யானைக் கூட்டம். கையில் ஒரு தீப்பந்தம், ஒரு மூங்கில் கழி. கண் அயர்ந்தால் உயிர் போய்விடும். ஆனாலும் நின்றார்கள். தங்கள் பயிரைத் தின்ற யானைகள் அல்லவா!

கடைசியில் தலைவி யானை வாசலுக்குள் நுழைந்தது. மற்றவை பின்தொடர்ந்தன. கதவு விழுந்தது!

50-க்கும் மேற்பட்ட யானைகள் உள்ளே இருந்தன. பெண் யானைகள், குட்டிகள், கொம்பன்கள் எல்லாம் அதில் அடக்கம்.

பிறகு பழக்கிய கும்கி யானைகள் உள்ளே போயின. அவற்றின் கழுத்தில் பாகன்கள் உட்கார்ந்திருந்தார்கள். கும்கிகள் இரு பக்கமும் நின்று ஒரு காட்டு யானையை நெருக்கும். அந்தச் சமயத்தில் ஒருவர் மெல்லக் கீழே இறங்கி அதன் பின்னங்கால்களில் கயிற்றைக் கட்டுவார்.

இங்கே சாண்டர்சன் ஓர் அதிசயத்தைக் கண்டார். காட்டு யானை நினைத்தால் தும்பிக்கையை நீட்டிப் பாகனைக் கீழே இழுத்துப் போடலாம். ஆனால் அப்படிச் செய்வதில்லை. கும்கியின் மேல் இருக்கும் மனிதனை அது கண்டுகொள்வதே இல்லை.

இதைக் கொண்டு யானையின் குணத்தைப் பற்றி அவர் ஒரு முடிவுக்கு வந்தார். யானைக்கு மனிதனைப் போன்ற தந்திர புத்தி உண்டு என்று பலர் எழுதியிருந்தார்கள். அவர் அதை ஏற்கவில்லை. அதன் பெருமை தந்திரத்தில் இல்லை, சாந்தத்திலும் பொறுமையிலும் கீழ்ப்படிதலிலும் இருக்கிறது என்பதே அவர் கருத்து. யானையின் நினைவாற்றலையும் அறிவையும் பற்றி இன்றைய ஆராய்ச்சியாளர்கள் அவரைவிட உயர்வாகவே சொல்கிறார்கள்.

புகழும் முடிவும்

சாண்டர்சனின் புகழ் பரவியது. 1875-ல் வங்காள அரசாங்கம் அவரை அழைத்தது. டாக்காவில் இருந்த யானை பிடிக்கும் நிலையத்தின் பொறுப்பைத் தற்காலிகமாக ஏற்றார். சிட்டகாங் மலைக்காட்டில் 85 யானைகளைப் பிடித்தார். அந்த யானைகள் ராணுவத்துக்குப் போயின. பீரங்கி இழுக்கவும் மூட்டை சுமக்கவும் அக்காலத்தில் யானைகள் தேவைப்பட்டன.

1878-ம் ஆண்டில் அவர் எழுதிய புத்தகம் லண்டனில் வெளிவந்தது. இந்தியக் காட்டு விலங்குகளோடு 13 ஆண்டுகள் வாழ்ந்த அனுபவத்தை அதில் எழுதியிருந்தார். அடுத்த ஆண்டே, 1879-ல், இந்திய அரசாங்கம் யானைகளுக்காகத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. அனுமதி இல்லாமல் காட்டு யானையைக் கொன்றாலோ பிடித்தாலோ ஒரு யானைக்கு 500 ரூபாய் வரை அபராதம். அந்தக் காலத்தில் 500 ரூபாய் பெரும் பணம். உயிருக்கு ஆபத்து வந்தாலும், பயிரையோ வீட்டையோ அழித்தாலும் விதிவிலக்கு உண்டு.

காட்டு வாழ்க்கை சாண்டர்சனின் உடம்பை அரித்துவிட்டது. மலைக்காட்டின் காய்ச்சலும் ஓயாத அலைச்சலும் சேர்ந்து அவரை வாட்டின. 1892-ம் ஆண்டில் அவர் சென்னையில் காலமானார். வயது 44தான்.

அவர் இறந்த சில ஆண்டுகளுக்குள் ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங்கின் ஜங்கிள் புக் வெளிவந்தது. தூமாய் என்ற பாகன் வீட்டுச் சிறுவனின் கதை அதில் இருக்கிறது. அக்கதையில் வரும் யானை பிடிக்கும் துரை சாண்டர்சனை மனத்தில் வைத்து எழுதப்பட்டவர் என்பார்கள். 1937-ல் அந்தக் கதை சினிமாப் படமும் ஆயிற்று. மைசூர்ப் பாகனின் மகனான சாபு அதில் நடித்து உலகப் புகழ் பெற்றான்.

அவர் விட்டுச் சென்ற பாடம்

கெட்டா முறை சாண்டர்சனுக்குப் பிறகும் மைசூரில் நடந்தது. ஹைதர் தோற்ற அதே காக்கன்கோட்டையில் மகாராஜாக்களும் பிரபுக்களும் மேடையில் உட்கார்ந்து யானைப் பிடிப்பை வேடிக்கை பார்த்தார்கள். கடைசிக் கெட்டா 1971-ல் நடந்தது. பிறகு கபினி அணையின் தண்ணீர் அந்த இடத்தைச் சூழ்ந்துகொண்டது.

கெட்டாவிலும் குறை இருந்தது. கொல்வதற்கும் குழியில் வீழ்த்துவதற்கும் அது எவ்வளவோ மேல். ஆனால் பிடிபட்ட யானைகள் எல்லாம் பிழைத்துவிடவில்லை. கயிற்றுப் புண்ணாலும் நோயாலும் பல இறந்தன. ஒன்றாகப் பிடிபட்ட குடும்பத்தைத் தனித்தனியே விற்றார்கள். சாண்டர்சன் யானைக் குடும்பத்தைக் கண்டறிந்தவர். அந்தக் குடும்பங்களைக் காட்டிலிருந்து பிரித்து எடுத்தவரும் அவரே.

ஆனால் அவர் கண்டு சொன்ன உண்மைகள் நிலைத்துவிட்டன. பிளிகிரிரங்கன் மலையையும் சத்தியமங்கலத்தையும் ஒட்டிய அதே பகுதியில் 1980-களின் தொடக்கத்தில் ரா. சுகுமார் என்ற விஞ்ஞானி யானைகளை ஆராய்ந்தார். இவர் சென்னையில் பிறந்தவர். வயலில் புகுவதில் ஆண் யானைகள் பெண் யானைகளைவிடப் பல மடங்கு முன்னே நிற்பதை அவர் கணக்கெடுத்துக் காட்டினார். பெண் யானைகள் வாழ்நாள் முழுவதும் குடும்பத்தோடு இருப்பதும், ஆண் குட்டிகள் வளர்ந்தபின் பிரிந்து போவதும் இன்று உலகம் அறிந்த செய்தி.

இந்த அறிவு ஏன் முக்கியம்? யானை ஏறக்குறைய 22 மாதம் கர்ப்பம் சுமக்கிறது. ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் நாலைந்து ஆண்டு இடைவெளி இருக்கும். மூத்த பெண் யானை செத்தால் கூட்டத்துக்குத் தண்ணீர் இருக்கும் இடத்தைக் காட்ட ஆள் இல்லை. தந்தத்துக்காகக் கொம்பன்களையே தேடிச் சுட்டால் இனம் பெருக வழி இல்லை. பெரியாற்றுக் காட்டில் 1980-களின் பிற்பகுதியில் வளர்ந்த ஆண் யானை ஒன்றுக்கு நூற்றுக்கு மேற்பட்ட பெண் யானைகள் இருக்கும் நிலை வந்தது. கள்ள வேட்டைக்காரர்கள் செய்த வேலை அது.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1977-ல் யானைக்கு அந்தச் சட்டத்தின் மிக உயர்ந்த பாதுகாப்புக் கிடைத்தது. இப்போது யானையை வேட்டையாடுவது பெருங்குற்றம்.

இருந்தாலும் பழைய கேள்வி தீர்ந்துவிடவில்லை. பயிர் இழந்த விவசாயிக்கு நஷ்ட ஈடு வேண்டும். யானைக்குத் தண்ணீரும் வழித்தடமும் வேண்டும். இரண்டில் ஒன்றை மறந்தால் மற்றதும் நிலைக்காது. சாண்டர்சனுக்கு யானையின் நடையைச் சொன்னவர்கள் சோளகர்கள். பயிரின் கதையைச் சொன்னவர்கள் குடியானவர்கள். இருவர் சொன்னதையும் கேட்ட பிறகுதான் அவர் வேலை தொடங்கினார்.

அமராவதிக் கரையில் மாலை வேளையில் யானைக் கூட்டம் தண்ணீர் குடிக்க வருவதைப் பார்த்தவர்கள் உண்டு. அப்படிப் பார்க்க நேர்ந்தால் தூரத்திலேயே நின்று கவனியுங்கள். முன்னால் வருவது ஒரு மூத்த பெண் யானையாக இருக்கும். நடுவே குட்டிகள் இருக்கும். சற்றுத் தள்ளி, மர நிழலில், ஒரு கொம்பன் தனியாக நின்றாலும் நிற்கும். 150 ஆண்டுகளுக்கு முன்பு சாண்டர்சன் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்த அதே குடும்பம்தான் அது.